சைக்கிளுக்கு மழைக்கூண்டு கட்டுதல்

ரெயின்கோட் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் மிதித்தவர்களுக்கு ஒன்று தெரியும். மழையில் நனையாமல் தப்பிய சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். குடையை ஒரு கையில் பிடித்து மறுகையால் ஓட்டுவதோ விபத்தை விலைக்கு வாங்குவது. இந்த அத்தியாயத்தில் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டும் ஒரு கூரையையும் முன்மறைப்பையும் செய்யப்போகிறோம். சைக்கிள் சட்டத்தில் ஓட்டை போடுவதில்லை, வெல்டிங் வைப்பதுமில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஸ்பேனர் ஒன்றை வைத்துக் கழற்றி விடலாம். தையலையும் சின்ன வெல்டிங் ஒன்றையும் மட்டும் கடைக்காரரிடம் கொடுங்கள்; மற்றதெல்லாம் வீட்டு முற்றத்திலேயே முடியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் சாதாரண மழைக்கானது, புயலுக்கானதல்ல.

முழுக்க மூடலாமா?

கேட்கிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நான்கு பக்கமும் மூடிய கூடுதான். இரண்டு சக்கர வண்டியில் அதைச் செய்யாதீர்கள். பக்கக்காற்று படும் மறைப்பு 1 சதுர மீட்டர் இருந்தால், மணிக்கு 20 கி.மீ. காற்று அதைச் சுமார் இரண்டேகால் கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். காற்று 40 கி.மீ. ஆனால் தள்ளுவிசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி 9 கிலோவைத் தாண்டும். அந்தத் தள்ளு உங்கள் தோள் உயரத்தில் விழுகிறது. பக்கத்தில் பேருந்து ஒன்று உரசிக்கொண்டு போகும் நொடியில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூடிய உடல் கட்டிப் பெயர் வாங்கியவர்கள் அதைக் கூடுதல் சக்கரங்களில்தான் கட்டினார்கள். பிரான்சில் சார்ல் மோஷே செய்த வெலோகாருக்கு நான்கு சக்கரம். டென்மார்க்கில் 1980களில் வந்த லெய்ட்ராவுக்கு மூன்று. உங்களிடம் மூன்று சக்கர வண்டி இருந்தால் முழுக்கூட்டைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் நம் ஊர்ப் புழுக்கத்தில் பின்பக்கம் திறந்தே இருக்க வேண்டும்.

இரண்டு சக்கரத்துக்கு என் முடிவு இதுதான்: மேலே கூரை, முன்னால் மார்பளவு மறைப்பு, பக்கங்கள் முழுக்கத் திறப்பு. பக்கவாட்டில் சாய்ந்து அடிக்கும் மழையில் ஒரு கை நனையத்தான் செய்யும். நனையட்டும்.

கூரை இருந்தால் போதுமா, கால் நனையாதா என்று கேட்பீர்கள். பெருமழைத் துளி வினாடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் அது வினாடிக்கு சுமார் 4 மீட்டர். ஆக, துளி 1 மீட்டர் இறங்குவதற்குள் அரை மீட்டர் அளவுக்குத்தான் உள்ளே வரும். கூரை முகத்துக்கு முக்கால் மீட்டர் முன்னால் நீட்டியிருந்தால் காற்றில்லாத மழை உங்களைத் தொடாது. எதிர்காற்று இருந்தால் மடி நனையும். வேடிக்கை என்னவென்றால், கொட்டும் மழையைவிடத் தூறல்தான் முகத்தில் அடிக்கும். சின்னத் துளி மெதுவாக இறங்குவதால் காற்று அதை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது.

எந்த சைக்கிள்?

பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். ஆண்களும் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம் எளிது. பார் வைத்த சைக்கிளில் காலைப் பின்பக்கமாக வீசி ஏறுகிறோம். கேரியர் மேல் கூண்டின் கால்கள் நிற்கும்போது அது முடியாது. பக்கவாட்டிலிருந்து காலை உள்ளே வைத்து ஏற வேண்டும், அவசரத்தில் அப்படியே இறங்கவும் வேண்டும். அரசுப் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிள் வீட்டில் சும்மா நின்றால், இந்த வேலைக்கு அதுவே போதும்.

வேலை தொடங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்:

1. கேரியர் ஆடக் கூடாது. நான்கு நட்டுகளையும் இறுக்குங்கள். துருப்பிடித்து மெலிந்த கேரியர் என்றால் மாற்றிவிடுங்கள்.
2. சீட்டை இறக்குங்கள். உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும்.
3. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. கூண்டின் எடையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

முன்கூடை இருந்தால் கழற்றிவிடுங்கள். அது ஹேண்டில்பாரோடு திரும்பும்போது கூண்டில் இடிக்கும்.

கூண்டுக்கு முன்னால் மட்கார்டு

இதைப் படித்துவிட்டு மீதி அத்தியாயத்தைத் தள்ளிவைத்தாலும் நஷ்டமில்லை. மழையில் ஓட்டுகிறவரின் பாதமும் முழங்காலுக்குக் கீழும் நனைவது பெரும்பாலும் வானத்துத் தண்ணீரால் அல்ல, சொந்த முன்சக்கரம் வாரி இறைக்கும் சாலைத் தண்ணீரால்.

1. பழைய லாரி டியூபிலிருந்து 15 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். ஓரங்களை உருட்டி விடுங்கள்.
2. முன் மட்கார்டின் கீழ்நுனியில், ஏற்கெனவே இருக்கும் ஸ்டே கம்பியின் நட்டிலேயே ஒரு தகட்டு வாஷர் வைத்துப் பூட்டுங்கள்.
3. தரைக்கும் ரப்பருக்கும் இடையில் ஒரு சாண் இருக்கட்டும். அதற்கும் கீழே இறங்கினால் வேகத்தடையில் மாட்டிச் சக்கரத்துக்குள் இழுபடும்.

பின் மட்கார்டுக்கும் இதையே செய்யுங்கள். அது உங்களுக்காக இல்லை, பின்னால் வருகிறவருக்காக.

அளவெடுத்தல்

ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி வழக்கம்போல் உட்காருங்கள். இன்னொருவர் இன்ச் டேப்போடு நிற்கட்டும். எடுக்க வேண்டிய அளவுகள்: தரையிலிருந்து உச்சந்தலை, கண், தோள், கேரியர், முன் மட்கார்டின் உச்சி.

கூரையின் உயரம் = உச்சந்தலை + 15 செ.மீ.  டேப்பை உடனே சுருட்டிவிடாதீர்கள். சைக்கிளை எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுபோகிறீர்களோ அந்த நிலையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கூண்டைக் கட்டி முடித்தபின் அது கேட்டுக்குள் நுழையாமல் தெருவில் நிற்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கூத்து.

முன்மறைப்பின் மேல்விளிம்பு தோளுக்குக் கீழே முடிய வேண்டும். கண்ணுக்கு நேரே ஒளிபுகும் பிளாஸ்டிக் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். வைப்பர் இல்லாத பிளாஸ்டிக்கில் துளிகள் நிற்கும்போது எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் பட்டால் சாலையே தெரியாது. மறைப்பின் வழியாகப் பார்க்கக் கூடாது, அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

* 25 மி.மீ. ஹெவி ரக எலக்ட்ரிக்கல் பிவிசி பைப், 3 மீட்டர் நீளத்தில் 4, கப்ளிங் 2, சொல்யூஷன் சின்ன டப்பா
* முன்சட்டத்துக்கு அரை அங்குல சதுர இரும்புக் குழாய், 2 மீட்டர்
* யூ-கிளாம்ப், நட்டு, போல்ட், பெரிய வாஷர்
* 12 மி.மீ. பிளைவுட், 60 × 10 செ.மீ. துண்டு ஒன்று
* 4 மி.மீ. சன்பேக் ஷீட், 70 × 60 செ.மீ. அளவுக்கு
* தார்ப்பாய், 1 × 2 மீட்டர். வெல்க்ரோ 2 மீட்டர்
* கறுப்பு கேபிள் டை ஒரு பாக்கெட், நைலான் கயிறு, பழைய சைக்கிள் டியூப்

சன்பேக் என்பது விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும், உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் பிளாஸ்டிக் ஷீட். சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிராம்தான். பழைய விளம்பரப் பலகை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூலையை மடக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்து பொடிந்தால் வெயிலில் செத்த ஷீட், தொடாதீர்கள். கேபிள் டையைக் கறுப்பில் கேட்டு வாங்குவதும் வெயிலுக்காகத்தான். வெள்ளை டை சீக்கிரம் முறியும்.

முதல் கட்டம்: முன்சட்டம்

1. சதுரக் குழாயை ‘ப’ வடிவத்தில் வெல்டிங் பட்டறையில் ஒட்டி வாங்குங்கள். குறுக்குக் கம்பி 60 செ.மீ.; இரண்டு பக்கமும் முன்னோக்கி நீளும் கைகள் 60 செ.மீ. நடுவில் கிளாம்ப் உட்காரத் தட்டுகள் இரண்டு.
2. முன்கழுத்துக்குச் சற்றுப் பின்னால், மேல் குழாயிலும் கீழ்க் குழாயிலுமாக இரண்டு இடத்தில் யூ-கிளாம்ப் போட்டுப் பூட்டுங்கள். இடையில் டியூப் துண்டு சுற்றுங்கள். பெயிண்ட் பிழைக்கும், வழுக்கவும் வழுக்காது.
3. கைகளின் நுனி முன்கழுத்துக்கு சுமார் 45 செ.மீ. முன்னால் நிற்க வேண்டும். மட்கார்டுக்கு மேலே நான்கு விரல் இடைவெளி கட்டாயம்.
4. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். உங்கள் முட்டி, பிரேக் லீவர், மணி எதுவும் சட்டத்தில் படக் கூடாது. பட்டால் இங்கேயே சரிசெய்யுங்கள். மேலே கட்டிவிட்டால் பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டி வரும்.
5. ஏறி உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். முழங்கால் குறுக்குக் கம்பியில் இடிக்கிறதா?

மறைப்பை ஹேண்டில்பாரிலேயே பூட்டினால் வேலை பாதியாகக் குறையுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் காற்று மறைப்பைத் தள்ளும்போதெல்லாம் ஹேண்டில்பாரையும் சேர்த்துத் திருப்பும். காற்றால் வண்டி ஆடலாம், முன்சக்கரம் தானாகத் திரும்பக் கூடாது.

இரண்டாம் கட்டம்: பின்பலகை

பிளைவுட் துண்டைக் கேரியருக்குக் குறுக்கே, சீட்டுக்கு முடிந்தவரை பின்னால் தள்ளி, நான்கு யூ-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இரண்டு முனைகளிலும் பைப் உட்காரக் கிளாம்ப் வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு முன்பே இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, வெட்டிய ஓரங்களில் இன்னொரு கோட் கூடுதலாக அடியுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரம் வழியாகத்தான்.

இனி கேரியரில் ஆள் ஏற்றக் கூடாது, மூட்டையும் வைக்கக் கூடாது.

மூன்றாம் கட்டம்: வளைவுகள்

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பைப். முன்சட்டத்தின் நுனியிலிருந்து சற்றே பின்சாய்ந்து மேலேறி, தலைக்கு மேல் கிடையாக ஓடி, பின்னால் இறங்கிப் பலகையில் முடியும். நீளம் சுமார் 3.7 மீட்டர் வரும். 3 மீட்டர் பைப்போடு ஒரு துண்டைக் கப்ளிங் போட்டு நீட்டுங்கள். இணைப்பு பின்கால் பகுதியில், தாழ்வாக வரட்டும். வளைவில் ஒருபோதும் இணைப்பு வரக் கூடாது.

வளைக்க வயரிங் செய்பவர்கள் வைத்திருக்கும் பெண்டிங் ஸ்பிரிங்கை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள்.

1. பைப்பை உச்சி வெயிலில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள்.
2. வளைய வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஸ்பிரிங்கின் வளையத்தில் ஒரு கயிறு கட்டி, குறித்த இடம் வரை உள்ளே விடுங்கள். கயிறு கட்ட மறந்தால் ஸ்பிரிங் ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் சிக்கிக்கொள்ளும். பைப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.
3. முழங்காலில் வைத்து இரு பக்கமும் மெல்ல அழுத்துங்கள். ஒரே மூச்சில் மடக்காதீர்கள். கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் நகர்த்தி, மீண்டும் அழுத்துங்கள். வளைவு அகலமாக, ஒன்றரை சாண் ஆரத்துக்குக் குறையாமல் வரட்டும்.
4. வேண்டிய கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மடக்குங்கள். கையை எடுத்ததும் பைப் சற்று விரியும்.
5. முதல் பைப்பைத் தரையில் படுக்கவைத்துச் சாக்பீஸால் அதன் உருவத்தை வரையுங்கள். இரண்டாவதை அந்தக் கோட்டின் மேல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வளையுங்கள்.

அடுப்பில் காட்டி வளைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பிவிசி கருகினால் நெஞ்சை எரிக்கும் அமிலப் புகை வரும். ஸ்பிரிங் கிடைக்காமல் சூடு காட்டியே ஆக வேண்டுமென்றால், திறந்த வெளியில், நன்றாகக் காய்ந்த மணலைச் சூடாக்கிப் பைப்புக்குள் கொட்டி வளையுங்கள், கனமான கையுறை போட்டுக்கொண்டு. ஈர மணல் கூடவே கூடாது. நீராவி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

இரண்டு வளைவுகளையும் நிறுத்தியபின் 60 செ.மீ. குறுக்குப் பைப்புகள் நான்கைக் கேபிள் டையால் பெருக்கல் குறி வடிவில் கட்டுங்கள். முன்மறைப்பின் உச்சியில் ஒன்று, கூரையில் மூன்று. கூரைக் குறுக்குகளை மட்டும் நடுவில் 5 செ.மீ. மேலே வளைத்துக்கொள்ளுங்கள், இதுதான் முகடு. முகடில்லாத தார்ப்பாய் நடுவில் தொய்ந்து குளம் கட்டும். பிரேக் போட்டதும் அந்தக் குளம் மொத்தமாக முன்னால் வழியும்.

கடைசியாகப் பின்கால்கள் இரண்டுக்கும் இடையே நைலான் கயிற்றைக் குறுக்குமறுக்காக இழுத்துக் கட்டுங்கள். இது இல்லாத கூண்டு பக்கவாட்டில் ஊஞ்சலாடும். கயிறு கட்டும் முன் ஒரு முறை, கட்டியபின் ஒரு முறை கூரையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், வித்தியாசம் கையில் தெரியும்.

நான்காம் கட்டம்: முன்மறைப்பு

1. ஷீட்டின் குழல்கள் செங்குத்தாக வரும்படி வெட்டுங்கள்: 70 செ.மீ. அகலம், 55 செ.மீ. உயரம்.
2. இரண்டு ஓரத்திலிருந்தும் 15 செ.மீ. உள்ளே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஸ்பூன் காம்பால் அழுத்திக் கோடு இழுங்கள். கத்தியால் கீறாதீர்கள், கீறினால் அந்த இடத்தில்தான் கிழியும். கோட்டில் மெல்லப் பின்னோக்கி மடக்குங்கள்.
3. மேல்விளிம்பின் குழல்வாய்களை டேப் போட்டு அடையுங்கள். கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள், உள்ளே போகும் தண்ணீர் வழிய வழி வேண்டும். இரண்டையும் அடைத்தால் ஒரே வாரத்தில் உள்ளே பாசி பிடிக்கும்.
4. பைப்போடு போல்ட் போட்டுப் பூட்டுங்கள். இரு பக்கமும் பெரிய வாஷர், அதற்கடியில் டியூப் ரப்பர். சன்பேக்கில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, அதில் காசைக் கரைக்காதீர்கள்.
5. வெட்டிய ஓரம் கத்திபோல் இருக்கும். ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸை நீளவாக்கில் பிளந்து விளிம்பு முழுவதும் மாட்டிவிடுங்கள்.

இப்போது பழைய ஹெட்லைட் மறைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதை முன்சட்டத்தின் நுனிக்கு மாற்றுங்கள். பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர், பின்கால்களில் ஒளியை எதிரொளிக்கும் டேப்.

ஐந்தாம் கட்டம்: கூரை

தார்ப்பாயை ஆட்டோவுக்கு டாப் தைக்கிற கடையில் கொடுங்கள். சாதாரணத் தையல் மெஷினில் ஊசி உடையும். ஓரம் முழுவதும் இரண்டு மடிப்பாகத் தைக்கச் சொல்லி, பின்விளிம்பில் நான்கு ஐலெட் அடிக்கச் சொல்லுங்கள். முன்விளிம்பிலும் பக்கங்களிலும் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் வெல்க்ரோ பட்டைகள்.

பின்னால் கயிறு, முன்னால் வெல்க்ரோ. இந்த வரிசையை மாற்றாதீர்கள். திடீர்க் காற்று முன்விளிம்பைத் தூக்கினால் வெல்க்ரோ விட்டுக்கொடுக்கும், தார்ப்பாய் பின்னால் சரியும், நீங்கள் நனைவீர்கள், அவ்வளவுதான். ஆணி அடித்ததுபோல் பூட்டியிருந்தால் வண்டியே சாயும். சரிந்த தார்ப்பாய் பின்சக்கரத்தில் சுற்றாமலிருக்க, அதன் இரு பக்கத்தையும் ஒரு முழக் கயிற்றால் பின்கால்களோடு கட்டிவையுங்கள். முன்விளிம்பைத் தொப்பிபோல் மேலே தூக்கி வைக்கும் அழகு வேலையும் வேண்டாம், காற்று நேராக உள்ளே புகும்.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாவற்றையும் கட்டிவிட்டு மழை வரட்டும் என்று காத்திருப்பது தவறு. வெறும் சட்டத்தோடு ஒரு நாள், முன்மறைப்போடு ஒரு நாள், கூரையோடு ஒரு நாள். மூன்றும் காய்ந்த தரையில், காலியான மைதானத்தில். ஒவ்வொரு முறையும் நிற்பது, காலை ஊன்றுவது, இரு பக்கமும் அவசரமாக இறங்குவது, எட்டு போடுவது. எடை 6 முதல் 8 கிலோதான் என்றாலும் அதில் ஒரு பகுதி தலைக்கு மேலே இருப்பதால் வளைவில் வண்டி வேறு மாதிரி சாயும். அது உடம்புக்குப் பழக வேண்டும். பிறகு ஒருவரை மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எங்கே ஒழுகுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

வலது ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி கட்டாயம். தார்ப்பாயில் மழை கொட்டும் சத்தத்தில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழாது.

கூண்டைக் கழற்றி வைக்க வேண்டிய நேரங்கள்

* மரக்கிளைகள் மொத்தமாக ஆடும் அளவுக்குக் காற்று வீசும்போது. தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு நனைந்துகொண்டே போங்கள்.
* இடி மின்னல் இருக்கும்போது. பிளாஸ்டிக் கூரை எந்தப் பாதுகாப்பும் தராது. கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள்.
* ஆனி, ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலும் ஆரல்வாய்மொழிப் பக்கத்திலும். காற்றாலை நட்ட ஊரில் தலைக்கு மேல் பாய் விரித்து ஓட்டக் கூடாது.
* நெடுஞ்சாலையிலும் ஆற்றுப் பாலத்திலும். பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவமானமில்லை.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை யூ-கிளாம்ப் நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். மேடுபள்ளச் சாலையில் முதலில் தளர்வது முன்சட்டத்தின் கீழ்க் கிளாம்ப்தான். செயினுக்கு எண்ணெய், ஈரத்தைத் துடைத்தபின். கேபிள் டை ஒன்று முறிந்திருந்தால் அந்த இணைப்பில் இருப்பதையெல்லாம் மாற்றுங்கள். ஒரே வயதுடையவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

தை பிறந்ததும் தார்ப்பாயைக் கழற்றி, கழுவி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்த கோட்டில்தான் அடுத்த வருஷம் ஒழுகும். வளைவுகளைக் கழற்றினால் படுக்கவைக்காமல் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டுங்கள். சன்பேக் ஷீட்டை மட்டும் புரட்டாசியில் மறுபடி மூலை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.